பழைய காரின் முன்பக்கத்தில் சத்தம், ஆட்டம், இழுப்பு: அறிகுறி வாரியாகக் கண்டுபிடித்து மாற்றும் முறை

முன்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்ததும் பலர் முதலில் செய்வது, பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையில் உள்ள பந்து மூட்டு), புஷ் (மூட்டுகளில் உட்காரும் குழல் போன்ற உறை), டை ராட் எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) எல்லாம் அடங்கிய கிட் ஒன்றை வாங்கிவிடுவது. எல்லாவற்றையும் மாற்றினால் ஏதாவது ஒன்று சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான். நானும் அப்படி ஒரு முறை கீழ் பால் ஜாயிண்ட் இரண்டையும் மாற்றினேன். வண்டியை வெளியே எடுத்து முதல் குழியில் இறங்கியதும் அதே 'டொக்', அதே இடத்தில். தேய்ந்திருந்தது டை ராட் எண்ட். கழற்றிய பால் ஜாயிண்டுகளைத் துடைத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது அவை புதியவற்றை விட இறுக்கமாக இருந்தன. அன்றிலிருந்து ஆட்டம் எங்கே என்று கையால் தொட்டு உணராமல் நான் எந்தப் பாகத்தையும் வாங்குவதில்லை. கீழே உள்ளதெல்லாம் அந்த ஒரு பழக்கத்தைச் சுற்றித்தான்.

1950, 60களின் கார்களில் முன்பக்க அமைப்பு ஒரே மாதிரி இருக்காது. எம்ஜிபியில் கிங் பின்னும் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் செங்குத்துத் தண்டு) காயில் ஸ்பிரிங்கும் (சுருள் வில்). மோரிஸ் மைனரில் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), மரை போட்ட ட்ரன்னியன் (மரையிலேயே திரும்பும் மூட்டு). டிரையம்ஃப் ஹெரால்டில் மேலே பால் ஜாயிண்ட், கீழே ட்ரன்னியன். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் 1965 மாடல் வரை கிங் பின்னும் அதை ஆர்மோடு சேர்க்கும் லிங்க் பின்னும், 1966 மாடலில் இருந்து பால் ஜாயிண்ட். உங்கள் காரில் எது என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கான பணிமனைக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். டார்க் அளவுகளும் (எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) அனுமதிக்கப்பட்ட ஆட்ட அளவுகளும் அதில் இருந்துதான் வர வேண்டும்.

தூக்குவதற்கு முன்

ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். சமதளமான, கெட்டியான தரை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, சேசிஸ் அல்லது கிராஸ் மெம்பருக்குக் கீழே ஆக்சில் ஸ்டாண்டு. கழற்றிய சக்கரத்தையும் கதவுக்குக் கீழே படுக்க வைத்துத் தள்ளி வையுங்கள், அது கடைசிப் பாதுகாப்பு. செங்கல், சிமெண்ட் கல் அடுக்கி முட்டுக் கொடுப்பது வேண்டவே வேண்டாம், அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

கைச்சோதனை

முதல் சோதனைக்குக் காரைத் தூக்க வேண்டியதில்லை. நான்கு சக்கரமும் தரையில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும், இன்ஜின் ஓடக்கூடாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமே கொஞ்சம், விடாமல் ஆட்டட்டும். நீங்கள் முன்னால் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டையும் விரல்களால் மூடிப் பிடியுங்கள். விரலின் ஒரு பாதி ஒரு பாகத்தின் மேலும், மறு பாதி அதோடு சேரும் பாகத்தின் மேலும் இருக்க வேண்டும். நல்ல மூட்டு ஒரே துண்டாக அசையும். தேய்ந்த மூட்டில் ஒரு பாகம் முதலில் கிளம்பும், ஒரு கணம் கழித்துத்தான் அடுத்தது கிளம்பும். அந்தத் தாமதம் விரலில் ஒரு சின்ன 'டிக்' ஆகத் தட்டும். அரை மில்லிமீட்டர் அசைவைக் கண் தவறவிடும், விரல் தவறவிடாது.

இந்த வரிசையில் தொட்டுப் பாருங்கள்: டை ராட் எண்டுகள், ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் கம்பிகளின் மறு முனையைத் தாங்குவது), ஸ்டியரிங் பாக்ஸில் இருந்து வரும் ஆர்ம், பிறகு ஸ்டியரிங் பாக்ஸை சேசிஸோடு பிடிக்கும் போல்ட்டுகள். கடைசியில் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாக்ஸே அசைந்தால் எத்தனை புது மூட்டு போட்டும் பயனில்லை. ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று பாக்ஸின் அட்ஜஸ்ட் ஸ்குருவை இறுக்குவதும் தவறான வைத்தியம். நேராக ஓடும் இடத்தில்தான் பல் அதிகம் தேய்ந்திருக்கும். அந்த இடத்துக்கு ஏற்ப இறுக்கினால் முழுதாகத் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது தூக்கிப் பார்க்கும் சோதனை. இதில் ஜாக்கி எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்கார்ந்திருக்கும் கார்களில் கீழ் பால் ஜாயிண்ட்தான் எடையைச் சுமக்கிறது. ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்துத் தூக்கினால்தான் அந்த மூட்டு சுமையில் இருந்து விடுபட்டு ஆட்டத்தைக் காட்டும். சேசிஸில் தூக்கி ஆர்மைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் மூட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டு மாதிரி நடிக்கும். முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் போல ஸ்பிரிங் மேல் ஆர்மின் மேல் உட்காரும் கார்களில் இது தலைகீழ். மேல் ஆர்முக்குக் கீழே கட்டை செருகி, சேசிஸில் தூக்க வேண்டும்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மிதித்தும் போகவில்லை என்றால் கிங் பின், பால் ஜாயிண்ட் அல்லது ட்ரன்னியன். 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் வருவது பெரும்பாலும் ஸ்டியரிங் மூட்டுகளின் வேலை. பிறகு ஒரு நீண்ட கம்பியைச் சக்கரத்துக்குக் கீழே கொடுத்து மெதுவாக நெம்பி, மூட்டு மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், பலமாக நெம்பினால் நல்ல ரப்பரும் வளைந்து கொடுக்கும், அதை ஆட்டம் என்று நினைத்துவிடுவோம்.

குழியில் இறங்கினால் 'டொக்'

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், மெதுவாகப் போகும்போது 'கடகட' என்று வந்தால் ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கையும் அதைப் பிடிக்கும் ரப்பரையும் முதலில் பாருங்கள். அந்த லிங்க்கை ஒரு பக்கம் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது ஒரு தடவையும், மறுபடி கிளம்பும்போது ஒரு தடவையும் தட்டினால் கீழ் ஆர்மின் உள் புஷ் அல்லது ஆர்மை முன்னோக்கிப் பிடிக்கும் டை பாரின் ரப்பர். பெரிய குழியில் மட்டும் தட்டினால் ஷாக் அப்சார்பர் மவுண்டிங் அல்லது பம்ப் ஸ்டாப் (ஆர்ம் மேலே இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) உடைந்து விழுந்திருக்கும் இடம்.

எம்ஜிபி, மோரிஸ் மைனர் போன்றவற்றில் லீவர் ஆர்ம் வகை ஷாக் அப்சார்பர்தான் மேல் ஆர்ம். அதன் தண்டு தேய்ந்தால் மேல் ஆர்மே ஆடும். ஷாக் அப்சார்பரைப் பிடிக்கும் போல்ட்டுகள் லூசானாலும் அப்படித்தான் தட்டும். ஸ்பேனரை எடுத்து அவற்றை ஒரு முறை இறுக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். புது பாகம் வாங்குவதற்கு முன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.

புஷ் மாற்றும் வேலையில் ஆர்மைக் கழற்றுவது கடினமில்லை, பழைய புஷ்ஷை வெளியேற்றுவதுதான் கடினம். வெளி உறை இரும்பாக இருந்தால் நடுவில் உள்ள ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே நுழைத்து உறையில் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் உளியால் மடக்கி எடுக்கலாம். ஆர்மின் உலோகத்தைக் கீறிவிடக் கூடாது. ரப்பரை நெருப்பு வைத்து எரித்து எடுப்பவர்கள் உண்டு. அந்தப் புகை நச்சு, வேண்டாம். புது புஷ்ஷை உள்ளே ஏற்ற ஒரு நீண்ட மரைக் கம்பி, இரண்டு தடித்த வாஷர், பொருத்தமான அளவில் இரண்டு சாக்கெட் போதும். நட்டை இறுக்க இறுக்க புஷ் நேராக உள்ளே போகும். வழுக்குவதற்கு சோப்புத் தண்ணீர். இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ ரப்பரில் படக்கூடாது, அது ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும்.

இனி சொல்லப்போவதுதான் இந்த வேலையில் அதிகம் தவறும் இடம். ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. உள் உறை போல்ட்டோடு இறுகி அசையாமல் நிற்கும், வெளி உறை ஆர்மோடு அசையும், நடுவில் உள்ள ரப்பர்தான் இரண்டுக்கும் நடுவே முறுகும். ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் அந்தத் தொங்கல் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். காரை இறக்கியதும் நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி இருக்கும். முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் நிற்கும். ஒரு முறை இப்படி நான் இறுக்கிய புஷ்கள் சில மாதங்களில் போய்விட்டன. வெட்டித் திறந்து பார்த்தேன். வெளிப்பக்கம் ரப்பர் புதுசு போலக் கருகருவென்று இருந்தது. உள் உறையை ஒட்டி மட்டும் பிறை வடிவில் கிழிந்து, இரும்பு கண்ணாடி மாதிரி மின்னியது. கிழிந்த பிறகு ரப்பருக்குள் அந்த உறை சுற்றிச் சுற்றித் தேய்ந்த பளபளப்பு அது.

ஆகவே எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகிவிட்டு, சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, இரண்டடி முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை நான்கைந்து தடவை அமுக்கி விட்டு, அந்த நிலையில்தான் முழு டார்க் கொடுக்க வேண்டும். கைக்கு எட்டவில்லை என்றால் முன் சக்கரங்களை ராம்ப் மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். பாலியூரிதேன் புஷ் வேறு ரகம். பெரும்பாலானவற்றில் உள் உறை புஷ்ஷுக்குள் சுழலும், அதனால் கூட வரும் கிரீஸைத் தாராளமாகத் தடவ வேண்டும், இல்லாவிட்டால் கிறீச்சிடும். மென்மையான ஓட்டம் வேண்டுமென்றால் என் வாக்கு ரப்பருக்குத்தான்.

ரப்பர் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பல பத்தாண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் கிடந்த அசல் பாகம் கிடைத்தது என்று மகிழ்ந்து போடுகிறவர்கள் உண்டு. இரும்புப் பாகத்துக்கு அது சரி. ரப்பர் பெட்டிக்குள்ளேயே வயதாகிவிடும், வளைத்துப் பார்த்தால் மேலே மெல்லிய வெடிப்புகள் தெரியும்.

ஸ்டியரிங் நடுங்குகிறது

மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டி ஆரம்பித்து, இன்னும் வேகம் ஏறினால் குறைகிற நடுக்கம் அநேகமாக வீல் பேலன்ஸ் அல்லது டயர் உருவம் கெட்டது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் வந்தால் டிரம் வட்டம் மாறியிருக்கும், டிஸ்க் என்றால் வளைந்திருக்கும். ஒரு குழியில் இறங்கிய பிறகு ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும் வரை விடாமல் சக்கரம் இடமும் வலமும் அடித்துக்கொள்வதுதான் தேய்ந்த மூட்டின் அடையாளம். பீட்டிலில் ஸ்டியரிங் டேம்பர் என்று தனியாக ஒன்று உண்டு. அதைப் புதிதாகப் போட்டால் நடுக்கம் மறையும், ஆனால் லிங்க் பின் தேய்மானம் அப்படியே உள்ளே இருக்கும்.

கைச்சோதனையில் பேரிங் என்று தெரிந்தால் ஹப்பைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ரோலரிலும் ரேஸிலும் (ரோலர் ஓடும் வளையம்) நீலம் பூத்திருந்தாலோ, நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தாலோ மாற்றியாக வேண்டும். ரேஸும் பேரிங்கும் ஜோடியாகத்தான் மாற வேண்டும். ஸ்டப் ஆக்சிலில் (ஹப்பைத் தாங்கும் குட்டைத் தண்டு) பேரிங் உட்காரும் இடத்தையும் நகத்தால் வருடிப் பாருங்கள். தண்டு தடிக்கும் அடிப்பகுதியில் மயிரிழை விரிசல் வரும். ஹப் கழன்றிருக்கும் இந்த நேரத்தில் அங்கே சாயம் பூசி விரிசல் பார்க்கும் சோதனையைச் செய்துவிடுங்கள்.

டேப்பர் (கூம்பு வடிவ) ரோலர் பேரிங்கை மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ரோலர்கள் உட்கார்ந்ததும் தளர்த்தி, மிகச் சிறிய இடைவெளி விட வேண்டும். பீட்டிலில் அது 0.03 முதல் 0.12 மி.மீ. வரை. எம்ஜிபியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து 0.05 முதல் 0.10 மி.மீ. கிடைக்கச் செய்து, பிறகு நட்டை முழு டார்க்கில் இறுக்குவார்கள். ஷிம் இல்லாத கார்களில் காஸில் நட்டின் பள்ளம் ஸ்பிளிட் பின் துளையோடு சேரவில்லை என்றால் நட்டைத் தளர்த்தும் பக்கமாகத்தான் சேர்க்க வேண்டும். பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட் போன்ற டேப்பர் மூட்டுகளில் இதற்கு நேர் எதிர்: டார்க் கொடுத்த பிறகு பள்ளம் சேரும் வரை இன்னும் இறுக்க வேண்டும், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டால் ஒன்றில் பேரிங் கருகும், இன்னொன்றில் மூட்டின் டேப்பர் கழன்று ஆட ஆரம்பிக்கும்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது, திருப்பிய பின் தானாக நேராகவில்லை

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பக்கத்தைத் தூக்குங்கள். டை ராடைப் பிரித்துவிட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாகவும் மறு பக்கம் பிடித்துக்கொண்டும் திரும்பினால் அந்தப் பக்கத்துக் கிங் பின் வறண்டிருக்கிறது. இரண்டும் எளிதாகத் திரும்பினால் குற்றவாளி ஸ்டியரிங் பாக்ஸ்.

வறண்ட கிங் பின்னுக்கு முதலில் கிரீஸ் வைத்துப் பார்க்கலாம். கார் தன் எடையில் நிற்கும்போது கிரீஸ் வைத்தால் சுமை தாங்கும் பக்கத்துக்குப் போகாது, தூக்கி, எடை இல்லாமல் இருக்கும்போதுதான் சுற்றிலும் பரவும். கிரீஸ் கன்னை அடிக்கும்போது என்ன வெளியே வருகிறது என்று பாருங்கள். முதலில் தார் மாதிரி கெட்டியான கறுப்பு வரும். அதை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெறும் கறுப்பு என்றால் புதுக் கிரீஸ் வெளியே வரும் வரை அடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். மஞ்சள் மினுக்கு தெரிந்தால் அது வெண்கலப் புஷ் அரைபட்ட தூள், அந்தக் கிங் பின்னுக்கு இனி கிரீஸ் வைத்துப் பயனில்லை. எதுவுமே வெளியே வரவில்லை என்றால் வழி அடைபட்டிருக்கிறது. கிரீஸ் ஏற்றும் நிப்பிளைக் கழற்றிக் கம்பியால் குத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

டிரையம்ஃப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அவற்றின் கீழ் ட்ரன்னியனுக்கு கிரீஸ் வேண்டாம், இபி 90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரைக்குள் போய்ச் சேராது, தண்ணீர் போய்ச் சேரும். உள்ளே துருப்பிடித்த செங்குத்து லிங்க் ஒரு நாள் மரைக்கு மேலே ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். மோரிஸ் மைனரிலும் மரை தேய்ந்த கீழ் ட்ரன்னியன் அப்படியே கழன்று சக்கரம் படுத்துவிடும். இந்த இரண்டிலும் ஆட்டம் தெரிந்த பிறகு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். மைனரில் ஒரு பக்கம் இடது மரை, மறு பக்கம் வலது மரை. பாகம் வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

கிங் பின்னைக் கழற்றும்போது அதைப் பூட்டியிருக்கும் டேப்பரான காட்டர் பின்னை நேரடியாகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும். நட்டை மரை முனைக்குச் சமமாக இருக்கும்படி விட்டு, அதன் மேல் செம்புச் சுத்தியலால் அடியுங்கள். துருவேறி அசையவில்லை என்றால் முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பிரஸ்ஸில் கொடுத்து எடுப்பதுதான் சரி. ஸ்டப் ஆக்சிலை அடித்து எடுக்கக் கூடாது.

புதுப் புஷ்களை ஏற்றும்போது அவற்றின் துளை கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக வர வேண்டும். துளை தள்ளிப் போனால் கிரீஸ் உள்ளே போகாமல் புதுக் கிங் பின் விரைவில் வறண்டுவிடும். அப்புறம் ரீமர் (துளையை நுணுக்கமாகச் சீவிச் சரியான அளவாக்கும் கருவி) போடுவது. மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இருக்க, இரண்டையும் தாண்டும் நீண்ட ரீமரை ஒரே ஓட்டத்தில் செலுத்த வேண்டும். தனித்தனியாக ரீம் செய்தால் கோணம் மாறி, கிங் பின் ஒரு பக்கம் உரசும். இந்தக் கருவி இல்லாதவர்கள் லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. சரியாக ரீம் செய்த புஷ்ஷில், லேசாக எண்ணெய் தடவிய கிங் பின் தன் எடையாலேயே மெல்ல இறங்கும். தடாலென்று விழுந்தால் அதிகம் எடுத்துவிட்டார்கள். தட்டித்தான் இறக்க வேண்டியிருந்தால் இன்னும் எடுக்க வேண்டும். கடைசியாக மேலும் கீழுமான இடைவெளியைக் கையேட்டு அளவுக்கு வாஷர் மாற்றிச் சரிசெய்யுங்கள்.

பால் ஜாயிண்ட் உள்ள கார்களில் வேலை இதைவிட எளிது. டேப்பரைப் பிரிக்கப் பிளவுபட்ட ஆப்பு மாதிரியான கருவியை அடித்து ஏற்றினால் டஸ்ட் கவர் கிழியும். மூட்டைத் திரும்பப் போடப் போகிறீர்கள் என்றால் திருகு வகைக் கருவியே நல்லது. நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு சுற்று விட்டு வையுங்கள், மூட்டு விடுபடும் வேகத்தில் ஆர்ம் உங்கள் கை மேல் விழாது.

ஒரு பக்கம் இழுக்கிறது

முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிப் பாருங்கள். இழுப்பு மறு பக்கம் போனால் டயர், கதை முடிந்தது. மாறவில்லை என்றால் பிரேக் அதிகம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு ஹப்பின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. பழைய ரப்பர் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, பெடலை விட்ட பிறகும் அழுத்தத்தைத் திரும்ப விடாமல் வைத்திருக்கும், வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். இந்த இரண்டும் இல்லை என்றால்தான் புஷ் நசுங்கியதால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) மாறியதா, கிராஸ் மெம்பர் பிடிமானத்தில் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூக்கு தாழ்ந்திருக்கிறது, துள்ளுகிறது

ஹப்பின் நடுவில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பழைய கார்களில் மட்கார்டு எப்போதோ இடிபட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கலாம், ஆகவே கீழ் ஆர்மின் உள் போல்ட்டில் இருந்து தரை வரையும் அளங்கள். இரண்டு அளவும் ஒரே கதையைச் சொன்னால் ஸ்பிரிங் களைத்திருக்கிறது.

காயில் ஸ்பிரிங்கைக் கழற்றுவதுதான் இந்த முழு வேலையிலும் ஆபத்தான கட்டம். அதற்குள் பல நூறு கிலோ விசை அடைபட்டிருக்கிறது. கையேடு சொல்லும் கருவியையே பயன்படுத்துங்கள், ஸ்பிரிங் தளரும் வரை அதற்கு நேர் எதிரே நிற்காதீர்கள். டார்ஷன் பார் என்றால் கழற்றும் முன் இரண்டு முனையிலும் ஆர்மையும் பாரையும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். இடது பாரையும் வலது பாரையும் மாற்றிப் போடக் கூடாது, ஒரு திசையில் முறுகிப் பழகிய பாரை எதிர்த் திசையில் முறுக்கினால் ஒடியக்கூடும். எந்த வகையானாலும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஜோடியாக மாற வேண்டும்.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க மூலையை அமுக்கி விடுவது எல்லோரும் செய்வது. அது முழுக்கச் செத்ததை மட்டும்தான் காட்டும். லீவர் ஆர்ம் வகை என்றால் லிங்க்கைக் கழற்றிவிட்டு ஆர்மை முழு நீளமும் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் வெறுமையாக நழுவினால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. மூடியைச் சுற்றி உள்ள மண்ணை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, டேம்பர் ஆயில் ஊற்றி, ஆர்மைப் பல முறை ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் உள்ளே உள்ள சீல்கள் போய்விடும்.

டயர் சொல்வது

முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டுங்கள். உள்ளிருந்து வெளியே ஓட்டும்போது ரம்பம் மாதிரி கூர்மையும், வெளியிலிருந்து உள்ளே ஓட்டும்போது வழவழப்பும் தெரிந்தால் டோ இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். தலைகீழாக இருந்தால் டோ அவுட். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு), அநேகமாக நசுங்கிய புஷ். இரண்டு ஓரமும் என்றால் காற்றுக் குறைவு. அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்ஸ்.

டை ராட் எண்டைக் கழற்றும் முன் லாக் நட்டு இருந்த இடத்தைக் குறித்து, எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால் அலைன்மென்ட் எடுக்கும் இடம் வரை ஓட்டிப் போகும் அளவுக்குச் சரியாக இருக்கும். டோ அளவை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். இரண்டு டயரின் பின்பக்கத்திலும் ஹப் உயரத்தில் ஒரு சாக்பீஸ் குறி, நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளங்கள். காரை முன்னால் தள்ளி, அதே குறிகள் முன்பக்கம் ஹப் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளங்கள். முன்பக்க அளவு எவ்வளவு குறைவோ அவ்வளவு டோ இன். அதே குறியில் இரு முறை அளப்பதால் ரிம் வளைவு கணக்கைக் கெடுக்காது.

கிறீச் சத்தம்

ஒவ்வொரு புஷ்ஷாகத் தண்ணீர் தெளித்து, முன்பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். எந்தப் புஷ் நனைந்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான். சிலிக்கான் கிரீஸ் தடவலாம், ஆனால் வெடித்த ரப்பர் என்றால் தடவுவதில் பயனில்லை. எதுவும் நனைந்து நிற்கவில்லை என்றால் சத்தம் பால் ஜாயிண்டுக்குள் இருந்து வருகிறது. ஒரு நீண்ட ஸ்குரு டிரைவரின் முனையை மூட்டின் மேலும் பிடியைக் காதிலும் வைத்துக்கொண்டு, வெளியே நிற்பவர் முன்பக்கத்தை அமுக்கினால் எந்த மூட்டு என்று தெளிவாகக் கேட்கும்.

வேலை முழுவதையும் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறு பக்கம் தொடங்குங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற சந்தேகம் வரும்போது பிரிக்காத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பழைய ஸ்பிளிட் பின், நைலான் நட்டு எதையும் திரும்பப் போடாதீர்கள். முடித்த பிறகு 100 கிலோமீட்டர் ஓட்டி, புஷ்கள் உட்கார்ந்ததும் அலைன்மென்ட் எடுங்கள். கொஞ்ச நாள் கழித்து, 500 கிலோமீட்டர் ஆனதும் எல்லா போல்ட்டிலும் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். கூடவே ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லி, மூட்டுகளின் மேல் மறுபடி ஒரு முறை விரலை வைத்துவிடுங்கள்.